ஓடும்போது மயங்கி விழுவது ஒரே நோய் அல்ல

"உடற்தகுதித் தேர்வில் ஓடிய இளைஞர் மயங்கி விழுந்து சாவு." அவ்வப்போது கண்ணில் படும் செய்திதான். தலைப்புக்குக் கீழே நாலு வரி இருக்கும். ஓடினார், மயங்கினார், மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், வழியிலேயே உயிர் பிரிந்தது. படிப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மாரடைப்பு என்பார் ஒருவர். தண்ணீர் குடிக்காததுதான் என்பார் இன்னொருவர். வெறும் வயிற்றில் ஓடினால் அப்படித்தான் என்பார் மூன்றாமவர். அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு யார் சொல்வது சரி என்று முடிவு செய்யவே முடியாது.

காரணம், "மயக்கம்" என்று நாம் பொதுவாகச் சொல்லும் சொல்லுக்குள் குறைந்தது ஐந்து தனித்தனி நிலைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒன்றில் உயிர் காக்கும் உதவி இன்னொன்றில் வீண், வேறொன்றில் ஆபத்து. 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் துறைக் காவலர் பணிக்கான தேர்வில் ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடி முடிக்க வேண்டியிருந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எல்லாரும் வேலைக்கு வந்த இளைஞர்கள்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இது யாருக்கெல்லாம் பொருந்தும்? தமிழ்நாடு காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பதற்காக தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் விடியுமுன் ஓடும் பிள்ளைகளுக்கு. ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு. மாசி மகத்துக்குத் தொலைவிலிருந்து சாமியைத் தோளில் சுமந்து வருபவர்களுக்கு, வீராம்பட்டினத்தில் தேர் வடம் பிடிப்பவர்களுக்கு, நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் கரும்பு வெட்டுபவர்களுக்கு. ஆரோவில் மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பவர்களை விட, இந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் பக்கத்தில் மருத்துவ உதவி குறைவு. அதனால் அவர்களையும் அவர்களோடு இருப்பவர்களையும் மனத்தில் வைத்தே இந்த விளக்கம்.

தசை எரிக்கும் கணக்கு

தசை வேலை செய்யும்போது எரிபொருளை எரிக்கிறது. அதில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் ஓட்டமாக, தூக்கலாக, இழுவையாக மாறுகிறது. மிச்சமெல்லாம் சூடு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 60 கிலோ கலோரி செலவாகும். அவருடைய உடலின் சூட்டை 1 டிகிரி செல்சியஸ் ஏற்றுவதற்கு ஏறக்குறைய 50 கிலோ கலோரி போதும்.

இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1500 மீட்டருக்கு 90 கிலோ கலோரி செலவு, அதில் 70 சூடாகிறது. அந்தச் சூடு வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் உடல் 37 டிகிரியிலிருந்து 38.4 டிகிரிக்குத்தான் போகும். தாங்கிக்கொள்ளலாம். அதே ஆள் 10 கிலோமீட்டர் ஓடினால் 480 கிலோ கலோரி சூடு சேரும். அது உடலை 46 டிகிரிக்கு மேல் கொண்டு போகும். அந்தச் சூட்டில் மனிதர் பிழைக்க முடியாது.

ஆனாலும் 10 கிலோமீட்டர் ஓடுபவர்களில் பெரும்பாலோர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? அதற்குக் காரணம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுவதும் உலர்ந்தால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். உலர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தாடையிலிருந்து சொட்டும் வியர்வை, பனியனில் பிழிந்து எடுக்கும் வியர்வை எதுவும் உடலைக் குளிர்விப்பதில்லை. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போனது மட்டுமே மிச்சம்.

கடலோரத்தில் வெப்பமானியை மட்டும் நம்ப முடியாது

வேலூரில் 40 டிகிரி, நம்மூரில் 34தான் என்று கேட்டால் மனம் ஆறுதல் கொள்கிறது. காற்றின் ஈரத்தைச் சேர்த்துப் பார்த்தால் கதை மாறிவிடும். வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வியர்வை நம்மை எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதன் எல்லை அது. காற்றில் ஈரப்பதம் 25 சதவீதமாக இருக்கும்போது 40 டிகிரி வெயிலின் ஈரக்குமிழ் அளவு 24 டிகிரியை ஒட்டியே வரும். ஈரப்பதம் 70 சதவீதமானால் வெறும் 34 டிகிரிக்கே அது 29ஐத் தாண்டிவிடும். வியர்த்து வேலை செய்யும் உடலுக்கு இரண்டாவதுதான் கடினம்.

ஈரக்குமிழ் அளவு 35 டிகிரிக்குப் போனால் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளாலும் நெடுநேரம் தாங்க முடியாது என்பது கணக்கில் வந்த எல்லை. 2022இல் வெளியான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, ஆரோக்கியமான இளைஞர்கள் லேசான வேலை செய்தபோதே ஈரமான சூழலில் 31 டிகிரியை ஒட்டி உடலின் சூடு கட்டுக்கு மீறி ஏறத் தொடங்கியதைக் காட்டியது. ஓட்டமும் சுமையும் சேர்ந்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வெப்ப அலை அறிவிப்புக்குச் சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37 டிகிரியையும் தொடக்க அளவாக வைத்திருக்கிறது.

நம் கடற்கரைக்கு இரண்டு தனிக் குணங்கள் உண்டு. ஒன்று, விடியற்காலையில் வெப்பம் குறைவு, ஈரப்பதமோ அப்போதுதான் உச்சம். ஓடுவதற்கு அதுவே நல்ல நேரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் "வெயில்தான் வரலையே" என்று பத்துச் சுற்று கூடுதலாக ஓடுவதற்கு அது காரணமாகாது. வெயிலே படாமலும் உடலின் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும், ஏனென்றால் சூடு உள்ளேயிருந்துதான் வருகிறது. இன்னொன்று, மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று வலுவாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். மதியத்துக்குள் காற்று திரும்பிவிடும் என்ற வழக்கமான நம்பிக்கையில் வேலையைத் தொடர்பவர்கள் அன்றைக்குத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

களைப்பு எது, ஆபத்து எது

கடுமையாக உழைத்தால் மூச்சு வாங்கும், கால் கனக்கும், நெஞ்சு படபடக்கும், வாய் உலரும். நிறுத்தி நிழலில் உட்கார்ந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் படிப்படியாகக் குறையும். இது இயல்பான களைப்பு. உடலுக்குச் சேதம் வருமுன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்லி மூளை போடும் தடை என்று இதைச் சொல்லலாம்.

அந்தத் தடையை மன உறுதியால் மீறவும் முடியும். அரசு வேலை, நேர்த்திக்கடன், டன் கணக்கில் கிடைக்கும் கூலி, சுற்றி நின்று கூவும் கூட்டம், இவையெல்லாம் மீற வைக்கும். மாத்திரைகளும் மீற வைக்கும். 1967 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வான்டூ மலை ஏற்றத்தில் கடும் வெயிலில் இறந்த டாம் சிம்சனின் உடலில் ஆம்ஃபிட்டமின் என்ற ஊக்க மருந்து இருந்தது. களைப்பை மறைக்கும் மருந்து சூட்டைக் குறைப்பதில்லை. தேர்வுக்கு முன் ஊக்க பானமும் பொடியும் கலந்து குடிக்கச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்கும்போது எனக்கு இதுதான் கவலை.

எல்லை தாண்டியதன் முதல் அடையாளம் பெரும்பாலும் கால்களில் தெரியாது, புத்தியில்தான் தெரியும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். சாதுவான பையன் எரிந்து விழுவான். ஓடுபாதையை விட்டு வேறு பக்கம் போவான், தள்ளாடுவான், பேச்சு குழறும். அந்த நிலையில் அவனைக் கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க" என்றுதான் சொல்வான். மங்கிய புத்தி, தான் மங்கியிருப்பதை எப்படி அறியும்? ஆகவே நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவு உழைப்பவர் கையில் இருக்கக் கூடாது. கூட ஓடுபவர், பயிற்சியாளர், மேஸ்திரி, பாதயாத்திரைக் குழுத் தலைவர் என்று தெளிவாக இருக்கும் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். இது முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு. விழுந்த பிறகு வாதாட நேரம் இருக்காது.

சந்தேகம் வந்தால் அரை நிமிடத்தில் சோதிக்கலாம். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம், எத்தனையாவது சுற்று என்று கேளுங்கள். ஒரு கால் விரலுக்கு முன்னால் மறு குதிகாலை வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது.

விழுந்தவருக்கு நேர்ந்தது எது

எப்போது விழுந்தார், மூச்சு இருக்கிறதா, புத்தி தெளிவா, உடல் சுடுகிறதா என்ற நாலு கேள்விகளை இதே வரிசையில் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

1. இதயம் நின்றிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே, தள்ளாட்டம் எதுவும் இல்லாமல், மரம் சாய்வது போல விழுந்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். தட்டிக் கூப்பிட்டால் அசைவு இருக்காது. மூச்சு இருக்காது, அல்லது கரையில் போட்ட மீன் போல வாய் திறந்து திறந்து மூடும். அது மூச்சு அல்ல. இதில் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. இதயம் நின்ற சில நொடிகளில் கை கால் வெட்டி இழுக்கலாம். உடனே வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். வலிப்புக்கே சாவியால் பயன் இல்லை. இங்கேயோ அந்த இரண்டு நிமிடம் உயிரின் விலை. 108க்கு ஒருவர் அழைக்க, இன்னொருவர் நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி அருகில் இருந்தால் ஒருவரை அனுப்பி எடுத்து வரச் சொல்லுங்கள். நெஞ்சழுத்தம் தொடங்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும்.

2. வெப்பவாதம். ஹீட் ஸ்ட்ரோக் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பக்கவாதத்துக்கும் ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்ற பெயர் இருப்பதால் சில செய்திகளில் "வெப்ப பக்கவாதம்" என்று வந்துவிடுகிறது. ஒரு பக்கக் கை கால் செயலிழக்கும் நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி, அதோடு புத்தியும் தடுமாறினால் அது வெப்பவாதம். சூடு ஏறியும் புத்தி தெளிவாக இருந்து, களைப்பும் குமட்டலும் தலைவலியும் மட்டும் இருந்தால் அதற்கு வெப்பச் சோர்வு என்று பெயர். நிழல், காற்று, ஈரத்துணி, உப்பு கலந்த நீர், ஓய்வு என்று அதைச் சமாளித்துவிடலாம். எது என்று தெரியாவிட்டால் வெப்பவாதம் என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். தவறான முடிவாக இருந்தாலும் பாதகமில்லை.

வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பவாதம் என்று பள்ளியில் படித்திருப்போம். வெப்ப அலையில் வீட்டுக்குள் கிடக்கும் முதியவர்களுக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். ஓடியோ சுமந்தோ விழுந்தவருக்கு வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருக்கலாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ் உடல் ஒரு பக்கம் கோணிப்போய், கடைசி 400 மீட்டரைக் கடக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். வியர்க்கிறதே என்பதைப் பார்த்து மருத்துவக் குழுவினர் அவரைத் தொடர விட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் தள்ளாட்டத்தை விட வியர்வைக்கு மதிப்புக் கொடுத்த அந்த அளவுகோலை இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. நெற்றியில் காட்டும் துப்பாக்கி வெப்பமானியும் இப்படித்தான் ஏமாற்றும். வியர்த்த நெற்றி 38 காட்டும்போது உள்ளே 41 இருக்கலாம். ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க அளவு. அது இல்லாத இடத்தில் புத்தித் தெளிவைத்தான் அளவாகக் கொள்ள வேண்டும். சிலர் இடையில் சற்றுத் தெளிந்து பேசிவிட்டு மறுபடி விழுவார்கள் என்பதால், எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

3. ஓட்டம் முடிந்த பின் வரும் கிறுகிறுப்பு. கோட்டைத் தாண்டி நின்றதும் விழுகிறார், ஒரு நிமிடத்தில் தெளிவாகப் பேசுகிறார். கால் தசைகள் இயங்கும்வரை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றதும் ரத்தம் கால்களில் தங்கிவிட்டது. படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் போதும். ஓடி முடித்ததும் நிற்காமல் நடக்க வைத்தால் இது வராது.

4. உப்பு நீர்த்துப் போவது. நாலைந்து மணி நேரம் நடந்தவர், வழியெங்கும் தண்ணீர் வாங்கி வாங்கிக் குடித்தவர், இப்போது தலைவலி, வாந்தி, குழப்பம் என்கிறார். உடல் பெரிதாகச் சுடவில்லை. விரல் வீங்கி மோதிரம் இறுகியிருக்கிறது. வியர்வையில் உப்பு போக, வெறும் நீர் மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். மூளை வீங்கும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வேகமாக ஓடியவர்களை விட மெதுவாக, நெடுநேரம் எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும்தான் இது அதிகம். நம் பாதயாத்திரையின் வடிவமும் அதுதான், மெதுவான நெடுநடை, அடிக்கொரு தண்ணீர்ப் பந்தல். இவருக்கு "தண்ணி குடுங்க" என்பது தவறான உதவி. தண்ணீரை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே "காலையிலிருந்து நிறையத் தண்ணீர் குடித்தார்" என்று சொல்லவும் வேண்டும். அந்த ஒரு வரி மருத்துவருக்குப் பெரிய உதவி.

5. சர்க்கரை இறங்குவது. விரதம் இருந்து நடப்பவர், நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தவர். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வரும், குழப்பம் வரும். விழுங்கும் தெளிவு இருந்தால் சர்க்கரையோ வெல்லமோ பழச்சாறோ கொடுக்கலாம். இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

முதலில் குளிர்விப்பு, பிறகு ஆம்புலன்ஸ்

இந்த ஐந்தில் இரண்டாவதில்தான் நம் வழக்கம் நேர் எதிராக இருக்கிறது. யாராவது விழுந்தால் அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். அக்கறையில்தான் ஓடுகிறோம். ஆனால் வெப்பவாதத்தில் உறுப்புகளுக்கு ஏற்படும் சேதம், எவ்வளவு சூடு ஏறியது என்பதோடு எவ்வளவு நேரம் சூடாகவே இருந்தது என்பதையும் பொறுத்தது. விழுந்த 30 நிமிடத்துக்குள் 39 டிகிரிக்குக் கீழே கொண்டு வர வேண்டும் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட இலக்கு. வண்டி வர 15 நிமிடம், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்ச் சேர 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அந்த அரை மணி நேரம் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பவாதம் வந்தது. ஓடுபாதை ஓரத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்தார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். இதில் விலை உயர்ந்த மருந்தோ கருவியோ எதுவும் இல்லை.

நம்மூரில் ஐஸுக்குப் பஞ்சம் இல்லை. கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் மீனுக்காக நாள்தோறும் ஐஸ் பார் உடைபடுகிறது. தேர்வோ ஓட்டமோ நடத்துபவர்கள் அன்று காலை நாலு பெட்டி உடைத்த ஐஸும் ஒரு பெரிய தார்ப்பாயும் வாங்கி வைத்துவிட்டால் பாதி ஏற்பாடு முடிந்தது. செய்யும் முறை:

1. மூச்சு இருக்கிறது, புத்தி தெளிவில்லை, உடல் சுடுகிறது என்று உறுதியானதும் ஒருவர் 108க்கு அழைக்கட்டும். மற்றவர்கள் வண்டிக்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்க வேண்டும்.

2. நிழலுக்குத் தூக்கி, சட்டை, ஷூ, இடுப்புப் பட்டையைக் கழற்றி, தார்ப்பாயின் நடுவில் கிடத்துங்கள். நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அது தொட்டியாகிவிடும்.

3. ஏழெட்டுக் குடம் தண்ணீரும் ஐஸும் கொட்டி, கழுத்து வரை நனையும்படி வைத்து, தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே இருங்கள். அசையாத தண்ணீர் உடலை ஒட்டி வெதுவெதுப்பாகிவிடும். தலையை ஒருவர் தனியாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும், முகம் தண்ணீருக்குள் போகக் கூடாது.

4. ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். உட்சூடு பார்க்க வழியில்லாவிட்டால் 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். நடுக்கம் எடுத்துத் தெளிவும் திரும்பினால் வெளியே எடுத்துவிடலாம்.

5. ஐஸ் இல்லையா? கரும்புக் கொல்லையில் பம்புசெட் தொட்டி இருக்கும். கழுத்தளவு இறக்கி இருவர் பிடித்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் குழாய் நீரைக் குடம் குடமாக உடல் முழுதும் ஊற்றி, துண்டாலோ அட்டையாலோ விடாமல் விசிற வேண்டும். மெதுவாகத்தான் இறங்கும், ஆகவே வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. வண்டியிலும் ஈரத்துணி தொடரட்டும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. தெளிவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். பாராசிட்டமால் வேண்டாம். காய்ச்சலில் உடலே சூட்டின் அளவை உயர்த்தி வைத்திருக்கும், அந்த மாத்திரை அதைத் தணிக்கும். இங்கே வந்தது காய்ச்சல் அல்ல, வெளியேற முடியாத சூடு. கூட்டமாகச் சூழ்ந்து நின்று காற்றை மறிப்பதும் கூடாது.

குளிர்விக்கத் தொடங்கிய நேரத்தையும் முடிந்தால் அப்போதைய உடல் சூட்டையும் ஒரு தாளில் எழுதி வண்டியோடு அனுப்புங்கள். இறந்த பின் உடற்கூறு ஆய்வில் வெப்பவாதத்துக்கென்று தனி அடையாளம் கிடைப்பது அரிது. சூடு குறித்து வைக்கப்படாவிட்டால் காரணம் "மாரடைப்பு" என்று பதிவாகிவிட இடம் உண்டு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த பிறகு, இந்தப் பதிவு குடும்பத்துக்கான நிவாரணத்தோடும் சேர்ந்த விஷயம்.

தண்ணீர், மோர், இளநீர்

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தாகத்துக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் நீளும் உழைப்பில்தான் உப்பு முக்கியமாகிறது. வெயிலில் வேலை செய்பவர்கள் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டாம்.

இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீரை மட்டும் நம்பி நாள் முழுக்க நடக்க முடியாது. உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, பழைய சோற்று நீராகாரம் இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகின்றன. பந்தல் போடுபவர்கள் வெறும் தண்ணீருக்குப் பக்கத்தில் உப்பு மோரும் கடலை உருண்டையும் வைத்தால் நாலாவது, ஐந்தாவது நிலை இரண்டையும் ஒரே இடத்தில் தடுத்துவிடலாம். ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து, அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் மட்டும் கரைக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த பானங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொள்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. கடை அலமாரியில் பழைய பெட்டி இருந்தால் ஏமாந்துவிட வேண்டாம்.

மறுநாள் காட்டிக்கொடுக்கும் சிறுநீர்

களத்தில் விழாமலே வீடு திரும்பியவருக்கும் ஓர் ஆபத்து பாக்கி இருக்கிறது. பழக்கமில்லாத கடும் உழைப்பில் தசை நார்கள் சிதைந்தால் அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஒன்றிரண்டு நாளில் தொடையோ தோளோ வழக்கத்துக்கு மீறி வலித்து வீங்கும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். நிறம் மாறியதைப் பார்த்ததும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரத்தோடு சிரை வழியாக நீர் ஏற்றினால் பெரும்பாலும் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடுவதும் நடப்பதும் சிறுநீரகத்தின் மேல் கூடுதல் பாரம்.

கரும்பு வெட்டுபவர்கள் விஷயத்தில் இது ஒரு நாள் கதையும் அல்ல. நிகரகுவா, எல் சால்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் நீரிழிவோ ரத்த அழுத்தமோ இல்லாத இளம் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. கடும் வெயிலில் கடும் உழைப்பு, போதாத தண்ணீர், இவை நாள்தோறும் திரும்பத் திரும்ப நேர்வதை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். தண்ணீர், நிழல், இடைவேளை ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

யாரை அன்று ஓட விடக் கூடாது

முந்தைய நாட்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தவர். இரவுப் பேருந்தில் வந்து தூங்காமல் நேராக மைதானத்துக்கு வந்தவர். சளிக்கு மாத்திரை போட்டவர், ஏனென்றால் அவற்றில் சில வியர்வையைக் குறைக்கும். முந்தின இரவு மது குடித்தவர். முன்பு ஓடும்போது ஒரு முறையாவது மயங்கியவர், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவர். இந்தக் கடைசி இரு வகையினர் இதயப் பரிசோதனை முடித்துவிட்டுத்தான் பயிற்சியையே தொடங்க வேண்டும். இதையெல்லாம் தேர்வு நாளில் ஒரு தாளில் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. உண்மையைச் சொன்னால் வாய்ப்புப் போய்விடும் என்றால் எந்தப் பிள்ளையும் சொல்ல மாட்டான். உடம்பு சரியில்லாதவருக்கு வேறொரு நாள் தருவோம் என்று நடத்துபவர்கள் முன்கூட்டியே அறிவித்தால்தான் அந்தத் தாளில் உண்மை வரும்.

வெயிலுக்குப் பழகாத உடல் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும், இதயத் துடிப்பு அடங்கும். புதிதாக வெயில் வேலைக்கு வருபவருக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டுவது என்பது தொழில்நலத் துறையில் புழங்கும் விதி. இடையில் விட்டுத் திரும்பும் பழைய ஆளுக்கு 50, 60, 80, 100 என்று நாலு நாளில் ஏற்றலாம். வெப்பவாதத்தில் பிழைத்தவர் மருத்துவமனையிலிருந்து வந்து குறைந்தது ஒரு வாரமாவது ஓடவோ சுமக்கவோ கூடாது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல், சிறுநீரக அளவுகள் பழைய நிலைக்கு வந்ததை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, குளிர்ந்த வேளையில் நடையிலிருந்து தொடங்கலாம். அப்போதும் கூட ஒருவர் இருக்க வேண்டும்.